பூக் கேட்ட மாதத்தில் படித்த ஆங்கிலம்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் முடிவு செய்து நான் பார்த்ததில்லை. முடிவுகள் இல்லாமல் இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள், பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, களத்துக்கு மினி லாரி வந்தது. ஆனால் இவற்றை எல்லாம் தீர்மானித்தது யார் என்று கேட்டால் கை இன்னொரு பக்கம் நீளும். அப்பா பெரியப்பாவைக் காட்டுவார். பெரியப்பா தாராபுரம் இருக்கும் தெற்குத் திசையைக் காட்டுவார். அங்கேதான் எங்கள் குலதெய்வம் இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் ஆங்கில மிஸ் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கும்வரை இதில் ஒரு விசேஷம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையை ஒட்டி எங்கள் தோட்டம். அதில் பாதி தேங்காய்க் களம். உடைத்த தேங்காய்களை வெயிலில் பரப்பிக் காயவைத்து, கொப்பரையாக்கி, எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்பும் தொழில். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். பேசுவது பெரியப்பா, மூட்டை கட்டுவதும் வண்டி ஓட்டுவதும் அப்பா. ஒரே வாசலில் எதிரெதிராக இரண்டு வீடுகள். தொலைபேசி பெரியப்பா வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் சேதி எல்லாம் வாசலைக் கடந்துதான் வரும். வரும் வழியில் பெரியம்மாவுக்கும் தெரிந்துவிடும்.

மிஸ் கோயமுத்தூரில் படித்துவிட்டு எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்தவர். அன்று கரும்பலகையில் வரிசையாகச் சில வினைச்சொற்களை எழுதினார். டிசைட் என்றால் முடிவு செய்வது. சூஸ் என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கன்சிடர், யோசித்துப் பார்ப்பது. அக்ரி, ஒத்துக்கொள்வது. ரெஃப்யூஸ், மறுப்பது. ஹெசிடேட், தயங்குவது. போஸ்ட்போன், தள்ளிப்போடுவது. மனிதர்கள் ஒரு விஷயத்தில் முடிவுக்கு வரும்போது இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள் என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் நடப்பதை வைத்து ஒரு வாக்கியம் எழுதி வர வேண்டும். அவசரமில்லை, மாதக் கடைசிக்குள் போதும். ஆனால் கற்பனை கூடாது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். பிற்காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை அலுவலகத்திலும் முதல் நாள் இதையேதான் சொன்னார்கள்.

அன்று மாலை அம்மா வழக்கம்போலக் கேட்டார். "இன்னைக்கு மிஸ் என்ன சொல்லிக் குடுத்தாங்க? ஒப்பி பார்க்கலாம்."

நான் ஒப்பித்தேன். அம்மா கல்லூரிவரை தமிழில் படித்தவர். வணிகவியல் பட்டமும் தட்டச்சுத் தேர்ச்சியும் உண்டு. நான் பள்ளியிலிருந்து வந்ததும் அன்றைய ஆங்கிலப் பாடத்தை ஒரு வரி விடாமல் சொல்லச் சொல்வார். உச்சரிப்பு சந்தேகமாக இருந்தால் திரும்பச் சொல்லச் சொல்வார். என்னை இவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கும் அம்மா வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு காட்சியைப் பார்த்தேன். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் நின்று, குழவியோரம் ஒதுங்கும் மாவைக் கையால் உள்ளே தள்ளியபடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அருகே போனால்தான் கேட்டது. "ஐ ஹேவ் டிசைடட் டு ஜாயின்." சேருவதாக முடிவு செய்துவிட்டேன் என்கிற வாக்கியம். அதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சொல்லை அழுத்திச் சொல்லிப் பார்த்தார்.

"டிசைடட்னு கடைசியில அவ்வளவு அழுத்தக் கூடாதுங்கம்மா," என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் சொன்னபடி மெதுவாகச் சொன்னார். கிரைண்டர் நின்றதும் பேச்சும் நின்றது. அதற்குப் பிறகு கவனித்தேன்: கிரைண்டர் ஓடும்போது மட்டும்தான் அம்மா ஆங்கிலம் பேசினார். என் வீட்டுப்பாடத்துக்கு உதவ வாக்கியங்களைத் தயார் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சேருவது எதில் என்று கேட்கத் தோன்றவில்லை.

அது தெரிய அதிக நாள் ஆகவில்லை. அம்மாவின் கல்லூரித் தோழி ஒருவர் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் இருந்தார். அங்கே ஒரு இடம் காலியாகப் போகிறது. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் கடிதங்களைப் படித்து, பதிலைத் தட்டச்சு செய்யும் வேலை. அம்மாவுக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் வருகிறாரா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். தாண்டினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். இந்தச் சேதி வந்த தொலைபேசிப் பேச்சில் அம்மாவின் பங்கு 'ம்', 'சரி', 'சரி சொல்றேன்' என்பவை மட்டுமே. ஆனாலும் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாள் நான் களத்தைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும்போது, தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏன் அம்மணி, உங்கம்மா ஆபீசரம்மா ஆகப் போறாங்களாமா? அப்புறம் எங்ககூடவெல்லாம் இங்கிலீசுலதான் பேசுவாங்களாக்கும்."

"கிரைண்டர் ஓடுனாத்தான் பேசுவாங்க," என்றேன். அவர்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று புரியவில்லை.

அப்பாவிடம் அம்மா கேட்டது எனக்கு முன்னால்தான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்று சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. "அண்ணனைக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்," என்றார். மறுநாள் அம்மா பார்வையாலேயே கேட்டார். "இன்னைக்கு லோடு ஏத்தற நாளு. அண்ணன் ஒரே ஓட்டமா இருந்தாரு. நாளைக்குக் கேக்கறேன்." அதற்கு மறுநாள் வானம் மூட்டமாக இருந்தது, களத்தில் காய் கிடக்கும்போது மேகம் கூடினால் பெரியப்பாவிடம் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். அதற்கும் மறுநாள் நல்ல வெயில்தான், ஆனால் அன்றைக்கு அப்பாவுக்கே மறந்துபோனது, அல்லது மறந்துபோனதாகச் சொன்னார்.

என் வீட்டுப்பாடம் வேகமாக முன்னேறியது. தயங்குவது, தள்ளிப்போடுவது இரண்டுக்கும் அப்பாவை எழுதிவிட்டேன். இரண்டும் பார்த்தவை, கற்பனை இல்லை.

கடைசியில் விஷயத்தைப் பெரியப்பாவிடம் எடுத்தது பெரியம்மாதான். ஒரு மாலை, வாசலில் நாற்காலி போட்டுப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அப்பா சாக்குகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில் அது நின்றது.

"நாம நாலு பேருக்கு வேலை குடுக்கற ஊடு, தம்பி," என்றார் பெரியப்பா. "நம்ம ஊட்டாளு போயி இன்னொருத்தங்ககிட்ட வேலைக்கு நிக்கறதா?"

"அதுதானுங்கண்ணா."

"அப்படின்னு நாம ஒரே வார்த்தையில சொல்லிப்போட்டம்னா, படிச்ச புள்ள மனசு நொந்துபோகும்."

"அதுவும் சரிதானுங்கண்ணா."

நான் படியில் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்துக்கொள்வது என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம் போதும். அப்பா இரண்டு கொடுத்துவிட்டார், அதுவும் ஒன்றுக்கொன்று எதிராக.

பெரியப்பா கொஞ்ச நேரம் காலாட்டிக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. களத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் வண்டியை முதலில் எடுக்கச் சொல்பவர் அவர்தான். ஆனால் 'ஊட்டாளு வேலைக்குப் போறது' என்பதை அவர் தன் வாயால் அனுமதித்தால், நாளைக்கு எண்ணெய் ஆலைக்காரர்கள் முன்னால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், தினமும் எதிர்வீட்டு முகத்தைப் பார்க்க வேண்டும்.

"வர்ற அமாவாசைக்கு அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்," என்றார். "அம்மன் என்ன சொல்லுதோ அதுப்படி."

"சரிங்கண்ணா," என்றார் அப்பா. உள்ளே கிரைண்டர் மறுபடி ஓடவில்லை.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான், கோவிலுக்குக் கோவில் முறை மாறும். எங்கள் கோவிலில் வெள்ளை அரளியை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் வைத்து, ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கட்டுவது பூசாரி இல்லை, கேட்க வந்த குடும்பத்தில் ஒருவர். கட்டியவருக்கே எது எதுவென்று தெரியாமல் போக, பூசாரி அவற்றைக் குலுக்கி வைப்பார். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். பக்கத்துத் தோட்டம் விலைக்கு வந்தபோது பெரியப்பாவுக்கு அதன் மேல் ஆசை இருந்தது. சிவப்பு வந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. மினி லாரிக்கும் பூக் கேட்டுத்தான் வாங்கினார்கள். அதன் நிறத்தை மட்டும் விற்றவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

பெரியப்பாவின் மகள் வயதுக்கு வந்த பிறகு, எங்கள் குடும்பத்தில் பொட்டலம் எடுக்கும் குழந்தை நான்தான்.

அமாவாசையன்று காலை அப்பா கிணற்றோரத்து அரளிச் செடிகளில் பூப் பறித்ததைப் பார்த்தேன். வெள்ளையில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம், இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டார். அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட இறுக்கமாக இழுத்தார்.

"எதை எடுக்கறதுன்னு யோசிக்கக் கூடாது, கண்ணு. கை எங்க போகுதோ அதை எடுத்துப்போடு."

"யோசிக்காம எடுத்தா அது சூஸ் பண்றது ஆகாதுங்களேம்மா. மிஸ் அப்படித்தான் சொன்னாங்க."

அம்மாவின் கை நின்றது. "ஆகாதுதான்," என்றார். பிறகு மீதிச் சடையைப் பின்னினார்.

"உங்களுக்கு எது வரோணும்?"

"அதை நீ கேக்கக் கூடாது. நானும் சொல்லக் கூடாது. தெரிஞ்சா நீ எடுக்க முடியாது."

ரிப்பன் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரியாதவள்போல இருப்பது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

மினி லாரியில் போனோம். முன்னால் அப்பா, பெரியப்பா, நடுவில் நான். பின்னால் தார்ப்பாய் விரித்து அம்மாவும் பெரியம்மாவும். தாராபுரம் தாண்டி, அமராவதிக் கரையில் சின்னக் கோவில். ஆற்றில் தண்ணீர் குறைவு. மணல் பரப்புக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டற வேலையெல்லாம் உனக்குத்தான் வரும், தம்பி," என்று பெரியப்பா பையை அப்பாவிடமே விட்டார். வழக்கமாகவே அப்படித்தான். மூட்டை கட்டுவதில் அப்பாவின் முடிச்சு களத்தில் பெயர் பெற்றது. ஆலைக்காரர்கள் அதை அவிழ்க்க முடியாமல் அறுத்துத்தான் எடுப்பார்கள். அப்பா வேப்பமரத்துக்குப் பின்னால் போய், முறைப்படி எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது. வந்து இரண்டு பொட்டலங்களையும் பூசாரியின் தட்டில் வைத்தார். பச்சை இலை, வாழை நார், ஒரே அளவு.

பூசாரி குலுக்கி, அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார். "எடு சாமி," என்றார்.

முந்தைய தடவைகளில் நான் ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்திருக்கிறேன். இந்தத் தடவை கை நீளவில்லை. இரண்டையும் பார்த்தேன். வலது பக்கத்துப் பொட்டலத்தின் இலையில் சிறிய கிழிசல் இருந்தது; உள்ளே என்ன நிறம் என்று தெரியவில்லை. இடது பக்கத்தில் நார் சற்று நீளம். எதை எடுத்தால் அம்மா கிரைண்டர் ஓடாதபோதும் பேசுவார் என்பதை இவற்றில் எதுவும் சொல்லவில்லை. பின்னால் பெரியம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. பின்னால் திரும்பினேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவைத் தவிர. அவர் மேலே தொங்கிய மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இவ்வளவு பெரிய விஷயம் நடக்கும்போது இவரால் மணியை வேடிக்கை பார்க்க முடிகிறதே என்று எனக்குக் கோபம் வந்தது.

"கொளந்தை ஏன் தடுமாறுது," என்றார் பெரியப்பா.

இடது பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பெரியப்பா நாரோடு மல்லாடி, கடைசியில் பல்லால் இழுத்து அவிழ்த்தார். உள்ளே வெள்ளை அரளி. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பூவைக் கண்ணில் ஒற்றி, "சரி, அம்மன் சொல்லிப்போட்டா," என்றார். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா கும்பிட்ட கையை எடுக்காமல் நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபோதும் கையை எடுத்துத் துடைக்கவில்லை.

மற்றப் பொட்டலத்தைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். எனக்கு மணலில் நடக்கப் பிடிக்கும் என்பதால் நானும் பின்னால் போனேன். அவர் முன்னால் போய்த் தண்ணீரோரம் எனக்கு முதுகு காட்டிக் குந்தினார். கைகள் என்ன செய்தன என்று எனக்குத் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் வெள்ளை அரளிப் பூக்கள் சிதறிப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு இலையும் போனது.

"அந்தப் பூவெல்லாம் யாருதுங்க, பெரியப்பா?"

"நமக்கு முன்னால வந்தவங்க விட்டதா இருக்கும், கண்ணு."

பூக்கள் வளைவு தாண்டி மறையும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு என் தலையில் கைவைத்து எழுந்தார்.

"உங்கொப்பன் போடற முடிச்சு இருக்குதே," என்றார், "நெம்பக் கெட்டி. ஒருத்தனுக்கும் தெரியாமப் போடுவான்."

களத்து மூட்டைகளைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் ஆமாம் என்றேன். வண்டிக்குத் திரும்பியதும் அவர் அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: "காத்தால எத்தனை மணிக்கு பஸ்சுன்னு விசாரிச்சுக்க." அப்பா, "சரிங்கண்ணா," என்றார்.

மறுநாள் அம்மா துவைகல்லில் துணி துவைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் சட்டைப் பையை அம்மா வெளியே இழுத்து உதறினார். வாடிச் சுருண்ட சிவப்பு அரளிப் பூக்கள் கல்லில் விழுந்தன. சட்டைப் பையின் அடியில் ஒரு கறை. அம்மா சட்டையைக் கையில் பிடித்தபடி அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாடத்தை நிறுத்தியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சாமிப் பூங்களாம்மா?"

"ம். சாமிப் பூதான்."

அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்த நேரம் அப்பா களத்திலிருந்து வந்தார். கல்லில் கிடந்த சட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"டீ இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க," என்றார் அம்மா. ஈரக் கையோடு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அப்பா குடித்துவிட்டு, எப்போதும் கீழே வைத்துவிட்டுப் போகும் டம்ளரை அன்று அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது.

மாதக் கடைசியில் வகுப்பில் என் வாக்கியங்களை வாசித்தேன். கடவுள் முடிவு செய்தார். நான் தேர்ந்தெடுத்தேன். என் பெரியப்பா யோசித்துப் பார்த்தார். என் அப்பா தயங்கினார். என் அப்பா தள்ளிப்போட்டார். என் அப்பா ஒத்துக்கொண்டார்.

"கடவுளும் உங்க வீட்டுலயா இருக்கார்?" என்று மிஸ் கேட்டார். வகுப்பு சிரித்தது.

"இல்லைங்க மிஸ், தாராபுரத்துல."

"சரி. மறுப்பதுக்கு வாக்கியம் எங்கே?"

"எங்க ஊட்ல யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க மிஸ். வேண்டாம்னா பேசாம இருந்துக்குவாங்க."

மிஸ் அதற்கு மதிப்பெண் குறைத்தாரா என்று நினைவில்லை. முதல் வாக்கியத்துக்குச் சரி போட்டிருந்தார். அது நினைவிருக்கிறது.

பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலையில் எனக்குப் பழகிப்போன ஒரு விஷயம் உண்டு. ஒரு சம்பவத்தின் துண்டுகளைத் தனித்தனியாகப் பார்த்தவர்கள் இருப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆள், தான் பார்த்தது என்னவென்று தெரியாத ஆளாக இருப்பார். அன்று ஆற்றில் போன வெள்ளைப் பூவைப் பெரியப்பா பார்த்தார். சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பூவை அம்மா பார்த்தார். மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு இலையிலும் வெள்ளையை மட்டும் வைத்துக் கட்டியதை அப்பா மட்டும் அறிவார். இரண்டு பூவையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். அந்த மாதம் முழுக்க எதையும் செய்யாத மனிதர் என்று நான் எழுதி வைத்திருந்தவர்தான் எங்கள் வீட்டில் முடிவு செய்தவர். அதுவும் அநேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த முதல் நாளிலேயே. பெரியப்பா விரும்பியிருந்தால் மறுநாளே எல்லாவற்றையும் கலைத்திருக்கலாம். பஸ் நேரத்தை விசாரிக்கச் சொன்னார். இதைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் எப்போதாவது பேசியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நானும் கேட்டதில்லை.

என்னை இவ்வளவு கண்டிப்பாக ஒப்பிக்கச் சொன்னது என்னைச் சோதிப்பதற்கு இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்குக் கிடைத்த ஒரே ஆங்கில வகுப்பு நான்தான்.

அடுத்த மாதம் முதல் தேதி அம்மா வேலைக்குப் போனார். அப்பா எங்கள் இருவரையும் பைக்கில் உட்காரவைத்து முக்கியச் சாலைக்குக் கொண்டுவந்தார். திருப்பூர் பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அம்மா படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "போயிட்டு வாரேனுங்க," என்றார். அப்பா தலையை ஆட்டினார். பஸ் போன பிறகும் அவர் வண்டியைத் திருப்பவில்லை. அது ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெரியப்பா சொன்னார், அம்மன் சொன்னாள், அம்மா போகிறார். இவர் பைக் ஓட்டுகிறார்.

"அப்பா, நீங்க எப்பவாச்சும், எதையாச்சும் டிசைட் பண்ணியிருக்கீங்களா?"

சொல்லின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு நிஜமாகவே யோசிப்பவர்போலக் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார்.

"தெரியல அம்மணி," என்றார். "உங்க பெரியப்பனைக் கேட்டுத்தான் சொல்லோணும்."

சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்திருந்த என் கைக்குள் அவர் வயிறு குலுங்கியது. சாலையில் பள்ளம் எதுவும் இல்லை. வண்டிதான் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.